ஹைகோர்ட் வளாகத்துக் கல்தூண், மெரினா லைட் ஹவுஸ்: சென்னைக்கு எத்தனை கலங்கரை விளக்கம்?

ஏற்காடு_காப்பி
சொத்து வழக்கு விஷயமாக அண்மையில் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. வளாகத்துக்குள் ஒரு பெரிய கருங்கல் தூண் தனியாக நிற்கிறது. மேலே சிலை இல்லை, பக்கத்தில் மண்டபமும் இல்லை. வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டேன். "பழைய லைட் ஹவுஸ் சார்" என்றார். அப்புறம் கோர்ட் கட்டடத்தின் உயரமான குவிமாடத்தைக் காட்டி, "அதுவும் பழைய லைட் ஹவுஸ்தான்" என்றார். அப்படியானால் மெரினாவில் இருப்பது மூன்றாவதா? ஒரே ஊருக்கு எதற்கு இத்தனை?

இன்னொரு சந்தேகமும் உண்டு. எங்கள் ஏற்காடு மலையின் பகோடா பாயிண்டில் இரவு நின்று பார்த்தால் பாண்டிச்சேரி லைட் ஹவுஸ் வெளிச்சம் தெரியும் என்று எங்கள் தாத்தா அடித்துச் சொல்வார். மலையில் வேறு சில பெரியவர்களும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். யாராவது பார்த்திருக்கிறீர்களா?

சூரமங்கலத்தான்
மெரினாவில் இருப்பது மூன்றாவது இல்லை, நான்காவது. முதலாவதையும் குமாஸ்தா காட்டியிருக்க முடியாது, அது கோட்டைக்குள் இருந்தது.

1796இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் உச்சியில் பெரிய லாந்தர் வைத்து, தேங்காய் எண்ணெய் ஊற்றி எரித்தார்கள். கீழே வணிகர்கள் கூடிப் பேரம் பேசும் எக்ஸ்சேஞ்ச், மேலே கப்பலுக்கு விளக்கு. அந்தக் கட்டடம் இப்போது கோட்டை அருங்காட்சியகம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், சேலமும் பாராமகாலும் (தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) திப்புவிடமிருந்து கும்பெனி கைக்கு வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே நிலம் அளந்து வரி போட்டுக்கொண்டிருந்த காலம்.

இரண்டாவதுதான் நீங்கள் பார்த்த தூண். மதராஸ் இன்ஜினியர்ஸ் படையைச் சேர்ந்த கேப்டன் ஜே.டி. ஸ்மித் வடிவமைத்தது. 1838இல் வேலை தொடங்கி, 1844 ஜனவரி 1 அன்று விளக்கேற்றினார்கள். கிரேக்கக் கோயில் தூண் மாதிரி, சுமார் 125 அடி. அப்போது அங்கே ஹைகோர்ட்டே கிடையாது. தூண் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் பின்னால்தான் கோர்ட் வந்தது.

1892இல் கோர்ட் கட்டடம் திறந்தார்கள். அதன் பெரிய குவிமாடம் சுமார் 175 அடி. தூணைவிட உயரமான ஒன்று பக்கத்திலேயே வந்துவிட்டதே, விடுவார்களா? 1894 ஜூன் 1 முதல் விளக்கு குவிமாடத்தின் உச்சிக்குப் போனது. ஐம்பது வருடம் உழைத்த தூண் அன்றோடு ஓய்வு.

குவிமாட விளக்கு 1977 வரை எரிந்தது. அந்த வருடம் ஜனவரியில் மெரினா கோபுரம் வந்தது. இதுதான் நாலு.

அஸ்தம்பட்டி_டீச்சர்
1796ஐ "முதல்" என்று சொல்வது மதராஸ் துறைக்குத்தான் பொருந்தும். இந்தக் கரையில் விளக்கு அதைவிட ரொம்பப் பழையது. பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்தைப் பற்றிக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடுகிறார். ஏணி சாத்தி ஏறவேண்டிய உயரம், கூரை வேயாத மாடம், அதில் "இரவின் மாட்டிய இலங்குசுடர் ஞெகிழி". திறந்த மாடத்தில் இரவில் மூட்டிய தீயைப் பார்த்துக் கப்பல்கள் துறைக்கு வருகின்றன. சிலப்பதிகாரத்திலும் புகார்க் கரை விளக்குகளின் வரிசையில் கலங்கரை விளக்கம் வருகிறது.

ஒன்பதாம் வகுப்புக்கு இந்த வரிகளை நடத்தும்போது பிள்ளைகள் "ஏன் டீச்சர் கூரை போடவில்லை?" என்று கேட்பார்கள். விறகுத் தீக்குக் கூரை போட்டால் கூரை எரியும் என்பேன். சிரித்துவிட்டு மனதில் வைத்துக்கொள்வார்கள்.

சூரமங்கலத்தான்
சரிதான் டீச்சர். நீர்ப்பெயற்று மாமல்லபுரம்தான் என்று சொல்வோரும் உண்டல்லவா?

அஸ்தம்பட்டி_டீச்சர்
உண்டு, மறுப்போரும் உண்டு. அதில் நான் பஞ்சாயத்துக்கு வரவில்லை. ஆனால் மாமல்லபுரத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே பாறை உச்சியில் ஒலக்கண்ணேஸ்வரர் கோயில் என்று ஒரு பல்லவர் கட்டடம். வெள்ளைக்காரர்கள் முதலில் அதன் தலையில்தான் விளக்கை வைத்தார்கள். தனிக் கோபுரம் பிறகுதான் பக்கத்தில் எழுந்தது. சிவன் கோயில் மாடத்தைக் கப்பல் விளக்குக்குத் தாங்கலாக்கிய துணிச்சலை என்ன சொல்ல!

கடலோடி_சேலம்
சரக்குக் கப்பலில் டெக் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன். சேலத்தில் பிறந்துவிட்டுக் கடலுக்குப் போனவன் என்று இன்னும் கேலி செய்கிறார்கள். "எதற்கு இத்தனை" என்ற கேள்விக்கு என் பங்கு.

மதராஸுக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. பம்பாய் மாதிரி வளைகுடா இல்லை, கல்கத்தா மாதிரி ஆறு இல்லை. நேர்க் கரை. கப்பல்கள் அலைக்கு அப்பால் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். மசூலாப் படகு என்று ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த படகுகள் அலையைத் தாண்டிப் போய் ஆளையும் சரக்கையும் இறக்கி வரும். புயல் வருகிறது என்றால் கப்பல் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு நடுக்கடலுக்கு ஓட வேண்டியதுதான். ஒதுங்க இடமே இல்லை.

இப்படிப்பட்ட கரைக்கு இரவில் வருகிறவனுக்கு இரண்டு பயம். ஒன்று, ஊரைத் தாண்டிப் போய்விடுவது. தட்டையான கரையில் எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டாவது, திட்டுகள். வடக்கே பழவேற்காட்டுப் பக்கம் மணல்திட்டு, தெற்கே கோவளம், சதுரங்கப்பட்டினம் பக்கம் பாறைத் திட்டு. இரண்டுக்கும் நடுவில் மதராஸ் எங்கே இருக்கிறது என்று தொலைவிலேயே தெரிந்தாக வேண்டும்.

தொலைவில் தெரிய விளக்கின் பலம் மட்டும் போதாது, உயரம் வேண்டும். பூமி உருண்டை. எவ்வளவு பெரிய விளக்கானாலும் தாழ்வாக இருந்தால் கடல் வளைவுக்குக் கீழே போய்விடும். கப்பலில் நாங்கள் போடும் கணக்கு இதுதான்: உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் கண்டு 2.08ஆல் பெருக்கினால் எத்தனை கடல்மைல் என்று வரும். மெரினா விளக்கு கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 57 மீட்டர். அதற்குக் கிட்டத்தட்ட 15.7 கடல்மைல். பார்க்கிறவன் கண் 20 மீட்டர் உயரத்தில் இருந்தால் அவன் பங்குக்கு 9.3. மொத்தம் 25. அதற்கு அப்பால் என்ன செய்தாலும் விளக்கு நேராகத் தெரியாது, மேகத்தில் பட்ட மங்கல் ஒளி வேண்டுமானால் தெரியும்.

அதனால்தான் கோட்டையில் உயர்ந்த கட்டடத்தின் தலை, அப்புறம் தனித் தூண், அப்புறம் அதைவிட உயரமான குவிமாடம் என்று விளக்கு இடம் மாறிக்கொண்டே போனது.

கொண்டலாம்பட்டி_மணி
அண்ணே, அப்ப மெரினாவுக்கு ஏன் போனாங்க? குவிமாடம் துறைமுகத்துக்கு எதிரிலேயே இருக்கே. மெரினா தெற்கே நாலஞ்சு கிலோமீட்டர் தள்ளி இல்ல?

கடலோடி_சேலம்
நல்ல கேள்வி தம்பி. கலங்கரை விளக்கம் என்றால் துறைமுகத்தின் வாசல் விளக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வாசலுக்கு வேறு சின்ன விளக்குகள் அலைதடுப்புச் சுவர் முனைகளில் பச்சையும் சிவப்புமாக உண்டு. பெரிய விளக்கின் வேலை, கடலில் இருந்து வருகிறவனுக்கு "நீ பார்ப்பது சென்னைக் கரை" என்று முதலில் சொல்வது. அதற்கு வாசலில் நிற்க வேண்டியதில்லை.

என் அபிப்பிராயம், குவிமாட விளக்குக்கு எதிரி ஊர் வெளிச்சம்தான். ஜார்ஜ் டவுன், துறைமுகக் கிரேன் விளக்குகள், மின்சாரம் வந்தபிறகு எல்லாப் பக்கமும் ஒளி. அந்த நெரிசலில் ஒரு விளக்கைத் தேடிப் பிடிப்பது கண்ணுக்கு வேலை. மெரினாவில் முன்னால் மணலும் கடலும் மட்டும்தான்.

விளக்கை அடையாளம் காண அதன் துடிப்பைப் பார்ப்போம். ஒவ்வொரு கரை விளக்குக்கும் தனித் துடிப்பு உண்டு, பட்டியல் புத்தகத்தில் அச்சாகியிருக்கும். மெரினா விளக்கு 10 விநாடிக்கு ஒருமுறை இரட்டை மின்னல் அடிக்கும். ஸ்டாப்வாட்சை எடுத்து எண்ணி, புத்தகத்தோடு ஒப்பிட்டு, "சென்னைதான் சார்" என்று கேப்டனிடம் சொல்வது ஜூனியர் வேலை. ஜி.பி.எஸ். வந்தபிறகும் கண்ணால் பார்த்து உறுதி செய்தாக வேண்டும். திரையை மட்டும் நம்பிக் கரை தட்டியவர்கள் உண்டு.

மேக்னசைட்
தாத்தா சொன்ன பாண்டிச்சேரிக் கதையைக் கடலோடியின் கணக்கிலேயே பார்த்துவிடலாம். சுரங்கத்தில் அளவைப் பிரிவில் இருந்தவன் என்பதால் இதில் எனக்குத் தனி ருசி.

பாண்டிச்சேரிப் பழைய விளக்கு 1836 ஜூலை 1 அன்று ஏற்றியது, சுமார் 27 மீட்டர் உயரம். 1979இல் ஓய்வு கொடுத்து, புதிய கோபுரத்துக்கு மாற்றிவிட்டார்கள். தாத்தா பார்த்ததாகச் சொல்வது பழையதாகத்தான் இருக்கும்.

பகோடா பாயிண்டை விடுங்கள், அதைவிட உயரமான சேர்வராயன் கோயில் உச்சியையே எடுப்போம். சுமார் 1,620 மீட்டர். காற்றில் ஒளி கொஞ்சம் வளைவதையும் சேர்த்துக்கொண்டால் அங்கிருந்து அடிவானம் ஏறக்குறைய 155 கிலோமீட்டர். விளக்கின் 27 மீட்டர் உயரத்துக்கு இன்னொரு 20. ஆக மொத்தம் 175. ஏற்காட்டிலிருந்து பாண்டிச்சேரிக்கு நேர்கோட்டில் கிட்டத்தட்ட அதே தூரம்தான்! ரப்பர் வைத்து அழித்து மூன்று தடவை போட்டாலும் தொட்டும் தொடாமலும் அங்கேயே வந்து நிற்கிறது. கணக்கு இவ்வளவு நெருங்கி வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

ஏற்காடு_காப்பி
அப்படியானால் தாத்தா சொன்னது நிஜமா!

மேக்னசைட்
அவசரப்படாதீர்கள். நடுவில் கல்வராயன் மலை நிற்கிறது. இங்கிருந்து கிழக்கே 50 கிலோமீட்டர் அளவில். பாண்டிச்சேரி நோக்கிப் போகும் பார்வைக்கோடு அந்த இடத்தில் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 740 மீட்டரில் போகும். சின்னக் கல்வராயனே 800 மீட்டரைத் தாண்டும், பெரிய கல்வராயன் அதைவிடவும் உயரம். கடல் வளைவு விட்டாலும் மலை விடாது. அப்படியே ஒரு இடுக்கு வழியாகக் கோடு போனாலும், 175 கிலோமீட்டர் தூசியையும் பனியையும் தாண்டிக் கண்ணுக்கு எட்டும் அளவு ஒளி வர வேண்டும். கப்பலுக்கென்று வைத்த விளக்கிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

கடலோடி_சேலம்
உண்மை. இன்றைய மெரினா விளக்கின் ஒளி எல்லையே 28 கடல்மைல், அதாவது 52 கிலோமீட்டர்தான். அதுவும் காற்று தெளிவாக இருந்தால்.

ஏற்காடு_காப்பி
பிறகு பெரியவர்கள் எதைப் பார்த்திருப்பார்கள்?

மேக்னசைட்
பகோடா பாயிண்டில் இருந்து கீழே வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கமெல்லாம் விளக்கு தெரியுமே. மலைப் பாதையில் வளைந்து வளைந்து வரும் லாரி முகப்பு விளக்கு தொலைவில் விட்டு விட்டு மின்னும். கல்வராயன் சரிவில் கோடையில் காட்டுத்தீ பிடித்தாலும் இரவெல்லாம் தெரியும். தாத்தாவைக் குறை சொல்லவில்லை. அது பாண்டிச்சேரி என்று முதலில் யாரோ சொன்னதைத்தான் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள்.

விளக்கு தெரியாவிட்டாலும் கல் உறவு உண்டு. சேர்வராயன் மலை முழுக்கச் சார்னோக்கைட் பாறை. மேலே தொப்பி மாதிரி பாக்சைட், அது வேறு கதை. பல்லாவரம், பரங்கிமலைப் பாறையும் அதே இனம்தான். 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் இந்தப் பாறைக்குப் பெயர் வைத்தார். கல்கத்தாவில் கும்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு மதராஸ் பக்கத்திலிருந்து கொண்டுபோன கல் இதுதான் என்பதால் அந்தப் பெயர். பிறகு அவர் நம் மலைப் பாறையையும் விரிவாக ஆராய்ந்து எழுதினார். மதராஸில் பழைய கருங்கல் வேலை எதைப் பார்த்தாலும் எனக்குப் பல்லாவரம் நினைவுதான் வரும்.

குகை_பெரியவர்
எல்லாரும் உயரம், கல் என்று பேசுகிறீர்கள். ஹைகோர்ட் விளக்கு என்றால் எங்கள் வீட்டில் எம்டன்தான். 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் ஜெர்மன் கப்பல் எம்டன் மதராஸ் கரைக்கு வந்து குண்டு போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஹைகோர்ட் சுற்றுச்சுவரில் அதற்கு நினைவுக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது.

அதற்கடுத்த நாட்களில் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் ரயிலேறி உள்நாட்டுக்கு ஓடினார்கள். மண்ணடியில் இரும்புக் கடை வைத்திருந்த எங்கள் பாட்டனார் குடும்பத்தோடு சேலம் வந்து செவ்வாய்ப்பேட்டையில் உறவினர் வீட்டில் இறங்கினார். பயம் தெளிந்து மற்றவர்கள் திரும்பிப் போனார்கள், இவர் போகவில்லை. "கடலைப் பார்த்தது போதும்" என்பாராம்.

கொண்டலாம்பட்டி_மணி
எம்டன்ல நம்ம செண்பகராமன் பிள்ளை இருந்தார்னு சொல்றாங்களே. கோட்டையை மட்டும் அடி, ஊர் ஜனங்க மேல போடாதேன்னு அவர்தான் சொன்னாராம்.

சூரமங்கலத்தான்
மணி, இந்தக் கதை எல்லா மேடையிலும் வரும். அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். 1914இல் ஜூரிச்சில் இந்தியாவுக்கு ஆதரவாகக் குழு நடத்திக்கொண்டிருந்தவர், அந்த வருடமே பெர்லினுக்குப் போய் அங்கிருந்த இந்தியப் புரட்சியாளர்களோடு சேர்ந்தார். எம்டனோ போர் தொடங்கும்போதே சீனக் கரையில் இருந்த கப்பல், பசிபிக் வழியாக இந்துமாக் கடலுக்கு வந்தது. ஜூரிச்சில் இருந்தவர் அதில் எப்படி ஏறுவார்?

கொண்டலாம்பட்டி_மணி
எங்க ஊர் மேடையில போன மாசம் கூட ஒரு பெரிய பேச்சாளர் சொன்னாரே அண்ணே.

சூரமங்கலத்தான்
சொல்வார்கள். கைதட்டு விழுகிற கதை. அவர் செய்த வேலைக்கு இந்த இட்டுக்கட்டு தேவையே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

அஸ்தம்பட்டி_டீச்சர்
எனக்கு வேறொரு சந்தேகம். எதிரிக் கப்பல் வரும்போது ஹைகோர்ட் விளக்கு எரிந்ததா?

கடலோடி_சேலம்
எரிந்தது டீச்சர். ஊர் விளக்குகளும் எரிந்தன, கலங்கரை விளக்கமும் எரிந்தது. போர் தொடங்கி ஏழு வாரம் ஆகியும் மதராஸ் தன் விளக்கை அணைக்கவில்லை. கேப்டன் கார்ல் பான் முல்லருக்குக் கரை எங்கே, ஊர் எங்கே என்று தேடவேண்டிய வேலையே இல்லை. வணிகக் கப்பலுக்கு வழிகாட்ட வைத்த விளக்குக்கு வருகிறவன் யார் என்று தெரியாதே. தேடுவிளக்கைப் போட்டுத் தொட்டிகளைக் குறி பார்த்தான், நூற்றுக்கும் மேல் குண்டு போட்டான், கரையிலிருந்து பீரங்கி பதில் சொல்லத் தொடங்கியபோது போய்விட்டான். போர்க்காலத்தில் கரை விளக்கை அணைத்துவிட்டுத் தேவைப்படும்போது மட்டும் ஏற்றுவதுதான் வழக்கம். மதராஸ் அதை மெத்தனமாக விட்டது. இதில் வெள்ளைக்கார அதிகாரிகளை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

எம்டன் கதை அந்த நவம்பர் 9 அன்றே முடிந்தது. கொக்கோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பலிடம் அடிவாங்கித் தரைதட்டியது.

குகை_பெரியவர்
பாட்டனார் காதில் அந்தச் செய்தி விழுந்திருக்கும். அப்பவும் திரும்பிப் போகவில்லை!

மேக்னசைட்
கடலோடி, துறைமுகம் கட்டியபிறகு அந்தத் திறந்தவெளிக் கஷ்டம் தீர்ந்துவிட்டதா?

கடலோடி_சேலம்
லேசில் தீரவில்லை. 1870களின் நடுவில் கடலுக்குள் இரண்டு கைகள் நீட்டிய மாதிரிச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். 1881இல் புயல் வந்து அடித்து நொறுக்கியது. மறுபடி கட்டினார்கள். வாசல் கிழக்கைப் பார்த்து இருந்ததால் அலை நேரே உள்ளே வந்தது, மணலும் சேர்ந்தது. 1904இல் வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங்தான் அந்த வாசலை அடைத்து வடகிழக்கு மூலையில் புது வாசல் வைத்தார். தூண் விளக்கு எரிந்த ஐம்பது வருடத்தில் பெரும்பகுதி மதராஸ் துறைமுகம் இல்லாத துறைமுகமாகத்தான் இருந்தது. அந்தத் தூணுக்கு நான் கூடுதல் மரியாதை கொடுப்பது அதனால்தான்.

மணல் சமாச்சாரம் தனிக் கதை. சுவர் கட்டியதால் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது, வடக்கே கரை அரித்தது. இன்றைய கோபுரத்துக்கு முன்னால் இவ்வளவு மணல் கிடப்பதில் துறைமுகச் சுவருக்கும் பங்கு உண்டு.

ஏற்காடு_காப்பி
இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. வாய்தா அடுத்த மாதம் இருக்கிறது. பையனையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். நாலையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

சூரமங்கலத்தான்
பார்க்கலாம். காலையில் கோர்ட் வேலையை முடியுங்கள். தூணும் குவிமாடமும் அதே வளாகம்தான், வழக்குக்காரர் என்பதால் உள்ளே விடுவார்கள், படம் எடுக்கும் முன் மட்டும் காவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து கோட்டை கூப்பிடு தூரம். அருங்காட்சியகத்தில் டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம். சாயங்காலம் கோட்டை ரயில் நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினால் "கலங்கரை விளக்கம்" என்றே ஒரு நிலையம் இருக்கிறது, அங்கே இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். மெரினா கோபுரத்தில் லிப்ட் உண்டு. பாதுகாப்புக் காரணத்தால் பல வருடம் பொதுமக்களுக்கு மூடி வைத்திருந்து, 2013 நவம்பரில்தான் மறுபடி திறந்தார்கள். மாலையில் எத்தனை மணிக்கு மூடுகிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

அஸ்தம்பட்டி_டீச்சர்
இருட்டியபிறகு மணலில் உட்கார்ந்து பையனை அந்த இரட்டை மின்னலை எண்ணச் சொல்லுங்கள். பத்து விநாடி சரியாக வருகிறதா என்று பார்க்கட்டும்.

கடலோடி_சேலம்
வாய்தா வெள்ளிக்கிழமையாக இருந்தால் கோட்டை அருங்காட்சியகம் விடுமுறை. அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.